வேலிக்குழையும் முயற்பல்லும்

யாழ்ப்பாணக் குடாநாட்டின் சரித்திரத்தை எழுதப் புகுந்தோர் ஆரியச்சக்கரவர்த்திகளின் ஆட்சியையும், பறங்கியரும் ஒல்லாந்தரும் ஆங்கிலேயரும் ஒருவர்பின் ஒருவராக வந்து கோட்டை கட்டி வரி வாங்கிய விதத்தையும், ஆலயங்களும் கல்விச்சாலைகளும் எழுந்த வரலாற்றையும் விரிவாக எழுதியிருக்கின்றனர். ஆயின், அம்மண்ணின் குடிகள் தம் வளவுக்குள்ளே தம்மோடு கூட வைத்து வளர்த்த வாயில்லாச் சீவன்களை எவ்வாறு பேணினர், அவற்றுக்கு வந்த நோயை எதைப் பார்த்து அறிந்தனர், எதைத் தீனாகக் கொடுத்து அந்நோய் அணுகாமற் காத்தனர் என்பவற்றை ஒருங்கே வைத்துச் சொல்வோர் அரியர். வீட்டில் ஆசையோடு வளர்க்கும் முயலுக்கு முன்பற்கள் அளவுக்கு மிஞ்சி நீண்டு, தீனைக் கண்டும் தின்னமாட்டாமல் அது மெலிந்துபோகின்ற துன்பம் பெரிய நூல்களில் இடம்பெறத்தக்கதன்று என்று சிலர் கருதக்கூடும். எனினும் அத்துன்பத்தின் காரணத்தைத் தேடிச் செல்வோமாயின், அது நம்மை வளவின் எல்லைக்கு அழைத்துச் சென்று, முன்னாளில் அங்கே நின்ற பச்சைவேலியின் சரித்திரத்தை விசாரிக்கச் செய்யும்.

முயற்பல்லின் இயல்பை முதலில் அறிந்துகொள்வது அவசியம். பாற்பல் விழுந்து முளைத்த பல்லோடு நாம் ஆயுளைக் கழிக்கின்றோம். அது தேய்ந்தாற் தேய்ந்ததே, மீண்டும் வளர்வதில்லை. முயலுக்கோ வாயிலுள்ள 28 பற்களும் உயிருள்ளவரை அடியிலிருந்து வளர்ந்துகொண்டே இருக்கின்றன. முன்வாயில் மேலே நான்கும் கீழே இரண்டுமாக ஆறு பற்கள் உள்ளன. மேலுள்ள நான்கில் இரண்டே நம் கண்ணுக்குத் தெரிவன. மற்றையிரண்டும் ஆணிபோற் சிறுத்து அவற்றின் பின்னே மறைந்து நிற்பன. எலியும் அணிலும் பெறாத இந்தப் பின்னிரு பற்களே முயலினத்தின் தனியடையாளம். இத்தகைய வேறுபாடுகளை ஆதாரமாகக் கொண்டு, முயலைக் கொறிக்கும் பிராணிகளின் வரிசையிலிருந்து பிரித்துத் தனி வரிசையில் வைக்கவேண்டுமென்று 1912ஆம் ஆண்டில் கிட்லி என்னும் அமெரிக்க அறிஞர் நிலைநாட்டினார். மேல் முன்பல் வாரமொன்றுக்கு ஏறத்தாழ 2 மில்லிமீற்றர் வளர்கின்றது; கீழ்ப்பல் அதனினுஞ் சிறிது விரைந்து வளர்கின்றது. தேய்வின்றி விட்டால் ஓராண்டில் 10 சென்ரிமீற்றருக்கு மேல் நீளக்கூடிய அப்பல், மேலும் கீழும் ஒன்றோடொன்று உரைந்து தேய்வதனாலேயே அளவோடு நிற்கின்றது. உட்புறத்து அரைபற்கள் தேய்வதற்கோ, நார் மிகுந்த புல்லை நாளில் பல நாழிகைநேரம், நிமிடத்துக்கு நூறு தடவைக்கு மேலாகத் தாடையைப் பக்கவாட்டில் அசைத்து அரைத்துக்கொண்டிருக்க வேண்டும். ஆதலால் முயலுக்குத் தின்னுதல் வயிற்றுக்கு மாத்திரமன்று, பல்லுக்கும் உரிய தொழிலாகும்.

நம் நாட்டிற் பிறந்த முயல் இவ்விதியை யாரும் கற்பிக்காமலே அனுசரித்து வந்தது. பிடரியிற் கருநிறம் படர்ந்த அந்தக் காட்டுமுயல் இலங்கைக்கும் இந்தியாவுக்கும் பொதுவானது. வளை தோண்டாது, பற்றையின் நிழலிற் படுத்து, கண் விழித்த குட்டியையே ஈனும் சாதியைச் சேர்ந்தது. பகலெல்லாம் பற்றைக்குள் ஒடுங்கிக்கிடந்து, மாலையில் வெளிப்பட்டு, கோடையில் காய்ந்த புல்லையும் முட்செடியின் பட்டையையும், மாரியிற் தளிர்த்த பூண்டையும் மென்று திரிந்த அதற்குப் பல்நோய் வந்திருப்பினும் அதை எவரும் கண்டிருக்கமாட்டார். ஏனெனில் தின்னமுடியாத முயல் நரிக்கும் பருந்துக்கும் விரைவில் இரையாகிவிடும். தமிழ் மக்கள் நெடுங்காலம் முயலை வேட்டைப் பிராணியாக அறிந்தார்களேயன்றி வளர்ப்புப் பிராணியாக அறிந்தவரல்லர். யானைக்குக் குறிவைத்துத் தவறிய வேலை, முயலை வீழ்த்திய அம்பினும் மேலாக வள்ளுவர் மதித்ததும், முயல் வேட்டைக்கு எளிதாகக் கிட்டுவது என்ற பொது அனுபவத்தை வைத்தே.

இங்ஙனம் முயலின் வாயைத் திறந்து பார்க்கும் வழக்கம் நம்மிடையே தோன்றவில்லையாயினும், விலங்கின் வாயைத் திறந்து பார்க்கும் வித்தை யாழ்ப்பாணத்தில் மிகப் பழையது. மாடு வாங்கப் போகிறவன் கொம்பையும் சுழியையும் நடையையும் பார்த்தபின், இறுதியாக அதன் மூக்கணாங்கயிற்றை ஒருகையாற் பிடித்து மறுகையாற் கீழுதட்டை விலக்கிப் பல்லைப் பார்ப்பான். மாட்டுக்கு மேல்வாயில் முன்பல் இல்லை. கீழ்வாயில் எட்டு உண்டு. ஏறத்தாழ இரண்டு வயதில் நடுவிலிருக்கும் பாற்பல் இரண்டும் விழுந்து பெரும்பல் முளைக்கும்; பின்னர் இருபக்கமும் இவ்விரண்டாக முளைத்து நாலு பல், ஆறு பல் என வளர்ந்து, நாலு அல்லது ஐந்து வயதளவில் எட்டும் நிரம்பிவிடும். அதற்குமேற் பல் முளைப்பதில்லை, தேய்வே நிகழும். ஆகவே முளைத்ததை எண்ணி இளமையையும், தேய்ந்ததை நோக்கி முதுமையையும் மதித்து, தரகன் சொன்ன வயதைத் தன் கண்ணாற் சோதித்து விலை பேசுவது கமக்காரனின் கல்வியாயிருந்தது. தானமாகக் கிடைத்த மாட்டின் பல்லைப் பிடித்துப் பார்க்கலாகாது என்ற பழமொழி எழுந்ததே, விலைக்கு வாங்கிய மாட்டின் பல்லைப் பார்ப்பது அத்துணைப் பொதுவான வழக்கமாயிருந்தமையால்.

நோயுற்ற மாட்டுக்குச் சிகிச்சை செய்வோர் ஊர்தோறும் இருந்தனர். பரியாரி என்று நாம் மரியாதையோடு அழைக்கும் வைத்தியருள் மனிதருக்கு மருந்து கொடுப்போர் ஒருவகையினர். மாட்டுக்குக் குறிசுட்டு, நலமடித்து, மூலிகை அரைத்து மூங்கிற் குழாயால் வாயிற் பருக்குவோர் மற்றொரு வகையினர். செகராசசேகரம், பரராசசேகரம் என்னும் பெருநூல்கள் யாழ்ப்பாண அரசரின் ஆதரவிலே தோன்றியனவாக வழங்குவன. மனிதருடைய நோய்களின் நிதானத்தை, அதாவது மூலகாரணத்தை ஆராய்ந்து அதன்பின் மருந்து கூறும் முறை அவற்றிற் காணப்படும். மாட்டு வைத்தியத்துக்கும் வாகடச் சுவடிகள் தமிழில் இருந்தன. எனினும் அந்த வித்தையின் பெரும்பகுதி ஏட்டில் ஏறாது, தந்தையிடமிருந்து மகனுக்குக் கைப்பழக்கமாகவே வந்தது. 1847இல் யாழ்ப்பாணத்துக்கு வந்து மானிப்பாயில் வைத்தியசாலை நடத்திய சாமுவேல் பிஸ்க் கிறீன் என்னும் அமெரிக்க மிஷன் வைத்தியர், மேல்நாட்டு வைத்திய சாஸ்திரத்தைத் தமிழிலேயே கற்பித்து, அங்காதிபாதம், இரணவைத்தியம் முதலிய நூல்களைத் தமிழில் வெளிப்படுத்திய பெருந்தொண்டு யாவரும் அறிந்தது. அதனால் மனிதனுடைய பல்லும் எலும்பும் நரம்பும் தமிழெழுத்திற் படிக்கத்தக்கனவாயின. விலங்கின் பல்லுக்கு அத்தகைய பாக்கியம் வாய்க்கவில்லை. இலங்கையில் மிருகவைத்தியம் பல்கலைக்கழகக் கல்வியாக 1947இலேயே தொடங்கிற்று; அதுவும் ஆங்கிலத்தில்.

மனிதரோடும் மாட்டோடும் குதிரையையும் இங்கே சேர்த்து நினைத்தல் பொருந்தும். குடாநாட்டின் தென்மேற்கே கடலிற் கிடக்கும் நெடுந்தீவிலே பறங்கியர் காலந்தொட்டுக் குதிரைகள் பெருகின. ஒல்லாந்தர் அங்கே குதிரைகளை வளர்த்தனர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் நோலன் என்னும் பிரித்தானிய படையதிகாரி அத்தீவிலிருந்து அவ்வளர்ப்பை நடத்தினார். பவளக்கல்லாலும் சுண்ணாம்பாலும் கட்டிய லாயத்தின் தூண்கள் இன்றும் அங்கே நிற்கின்றன. குதிரையின் அரைபல்லும் நெடுங்காலம் ஈற்றிலிருந்து மேலெழுந்துகொண்டிருப்பது. கொட்டிலில் அடைபட்டுத் தானியந் தின்னும் குதிரைக்கு அப்பல் ஒருபுறம் தேயாது கூர்மையாகிக் கன்னத்தைக் கிழிக்கும் என்பதை அறிந்த ஐரோப்பியர், நீண்ட அரத்தினால் அதனை அராவிவிடுவது வழக்கம். ஆனால் ஆட்சியாளர் கைவிட்டுச் சென்றபின், நெடுந்தீவின் வெளியிலே மனிதன் கைபடாமல் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த குதிரைகளுக்கு எந்த அரமும் கிடைக்கவில்லை. கல்லும் வெயிலும் உப்புக்காற்றும் வளர்த்த முரட்டுப் புல்லே அவற்றின் பல்லைத் தேய்த்தது.

வீட்டு முயல் இந்நாட்டுப் பிராணியன்று. அதன் முன்னோர் ஸ்பானியாவும் போர்த்துக்கலும் அடங்கிய தீபகற்பத்திலும் பிரான்சின் தென்பகுதியிலும் வளை தோண்டி வாழ்ந்தவை. ஐரோப்பாவிலே மனிதரால் பழக்கப்பட்டு, வெள்ளையும் கறுப்பும் புள்ளியுமாகப் பல நிறத்தில் பெருக்கப்பட்டு, ஐரோப்பியத் தொடர்பினாற் கீழைநாடுகளுக்கு வந்து சேர்ந்தவை. காட்டுமுயலோடு உருவில் ஒத்திருந்தாலும், இரண்டும் கூடி இனம் பெருக்குவதில்லை. யாழ்ப்பாணத்து வீடுகளில் அது இறைச்சிக்காகச் சிலரிடத்தும், அழகுக்காகவும் பிள்ளைகளின் விருப்பத்துக்காகவும் பலரிடத்தும், கோடிப்புறத்துக் கூட்டில் இடம்பெற்றது. அங்ஙனம் வந்த புதிய விருந்தாளிக்கு யாழ்ப்பாணத்தார் புதிய தீனைத் தேடவில்லை; ஆட்டுக்கு எங்கிருந்து தீன் வந்ததோ, அங்கிருந்தே அதற்கும் வந்தது. அந்த இடமே வேலி.

யாழ்ப்பாணத்து வேலியைப்பற்றி அறியாதவர், அதை எல்லைகாட்டும் ஓர் அடைப்பு என்றே எண்ணுவர். கிளுவை, பூவரசு, முள்முருக்கு, வாதராணி முதலிய மரங்களின் கொப்புகளை ஆளுயரக் கதியால்களாக வெட்டி, நிரையாக நட்டு, அவை வேர்விட்டுத் தளிர்த்தபின் குறுக்கே வரிச்சுப் பிடித்து, கிடுகினாலோ பனையோலையாலோ கறுக்கு மட்டையாலோ அடைத்து, ஆண்டுதோறும் கோடையிற் புதுப்பித்த அந்த வேலி, உயிருள்ள ஒரு தோட்டமாகும். எல்லைக் கதியாலை ஒருசாண் அரக்கி நட்டதற்காக அயலார் இருவர் நீதிமன்றத்திலே ஆண்டுக்கணக்காய் வழக்காடியதும் உண்டு. அதே வேலியிற் பொட்டு வைத்து, அதன் வழியாகக் கறியும் சோறும் சுகசெய்தியும் பரிமாறியதும் உண்டு. மழைக்காலத்தில் மதாளித்து வளர்ந்த குழையை வெட்டிப் புகையிலைத் தோட்டத்திலே தாழ்த்துப் பசளையாக்கினர். எஞ்சியது ஆட்டுக்கும் மாட்டுக்கும் ஆயிற்று. நீண்ட தடியின் நுனியிற் கட்டிய கொக்கச்சத்தகத்தால் உயரக்கொப்பை அறுத்து வீழ்த்தி, கட்டாகக் கட்டி, தரையிற் படாமல் ஆட்டின் வாய்க்கு எட்டும் உயரத்திற் கயிற்றிலே தொங்கவிடுவர். நிலத்திற் கிடந்த குழையை ஆடு மிதித்துவிட்டால் பின்னர் அதைத் தொடாது என்பது சிறுபிள்ளைக்கும் தெரிந்திருந்தது.

பள்ளிக்கூடம் விட்டு வந்த பிள்ளையைத் தாய் கூப்பிட்டு, "தம்பி, வேலிக்கரையிலை நாலு முருக்கங்கொப்பு முறிச்சுக்கொண்டு வந்து முயலுக்குப் போடு" என்பாள். அவன் முள்ளில் கைபடாமல் ஒடித்துவந்த கொப்பைக் கூட்டுக்குள் வைத்தவுடன், முயல் முதலிற் தளிரையும், பின்னர் முற்றிய இலையையும், அதன்பின் காம்பையும் தின்று, இறுதியிலே இளந்தடியின் பட்டையை மேற்பல்லாற் பற்றிக் கீழ்ப்பல்லாற் சுரண்டி உரித்துவிடும்; மறுநாட் காலையிற் பார்த்தால் வெள்ளைவெளேரென்ற தடி மாத்திரமே கிடக்கும். கிணற்றடி வாய்க்காலோரத்திற் செழித்த அறுகும், தோட்டத்து வரம்பிற் பிடுங்கிய புல்லும் நாள்முழுவதும் அரைப்பதற்குப் போதியவாயிருந்தன. புல்லிற் செறிந்த நுண்ணிய மணற்சத்து அரைபல்லைத் தேய்த்தது. பட்டை முன்பல்லுக்கு வேலை கொடுத்தது. கூட்டின் ஓலைக்கூரைக்குள் நுழைந்த காலைவெயில் எலும்புக்கு உறுதி தந்தது. நாம் வேப்பங்குச்சியை மென்று பல் துலக்கியதுபோல, முயலும் வேலிக்குச்சியை மென்றே தன் பல்லைப் பரிபாலித்துக்கொண்டது. முயலுக்குப் பல்வைத்தியம் செய்கிறோம் என்ற நினைவு அந்தத் தாய்க்கோ பிள்ளைக்கோ இருந்ததில்லை. ஆயினும் அவர்கள் செய்தது மேலான வைத்தியமே.

இவ்வேலிக்கு வந்த கேட்டின் வரலாறு நம் தலைமுறை கண்டது. செல்வர் வீடுகளிற் சுண்ணாம்புக்கல் மதில் முன்னரே இருந்ததாயினும், ஊர்ப்புறத்தில் வேலியே பெருவழக்கு. உள்நாட்டுப் போரின் காரணமாக 1990இல் வலிகாமம் வடக்கின் ஊர்கள் இராணுவத்தின் பாதுகாப்பு வலயத்துள் அகப்பட்டன. 1995 ஒக்டோபர் 30ஆம் நாள் வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கிற் பெயர்ந்து, நாவற்குழிப் பாலத்தைக் கடந்து தென்மராட்சி நோக்கி நடந்தனர். கட்டியிருந்த ஆட்டையும் மாட்டையும் அவிழ்த்துவிட்டு, கூட்டைத் திறந்துவிட்டுச் சென்ற வீடுகள் அநேகம். திரும்பி வந்தபொழுது ஆளில்லாத வளவுகளிற் கதியால் காடாகியிருந்தது, அல்லது விறகாகியிருந்தது. போர்க்காலத்திற் சீமெந்து தடைசெய்யப்பட்ட பொருளாயிருந்தமையால், அதுவரை எஞ்சிய வேலிகள் தப்பி நின்றன என்பதும் உண்மையே. 2009இற் போர் முடிந்து பாதை திறந்து சீமெந்தும் வெளிநாட்டிலுள்ள உறவினரின் பணமும் வந்தபின், மதில் எழுந்த வேகம் பெரிது. வேலி அடைக்கும் கூலியாட்கள் அருகினர். ஆண்டுதோறும் அடைக்கும் செலவிலும் ஒருமுறை கட்டிய மதில் இலாபமென்று மக்கள் கருதினர். அக்கருத்திற் குற்றம் காண்பதற்கில்லை. ஆனால் மதிலிலிருந்து ஒரு கொப்பும் முறிக்கமுடியாது.

வேலி போனபின் முயலின் தீன் மாறிற்று. வீட்டிலே மிஞ்சிய பாணும் சோறும் விசுக்கோத்தும், கடையில் வாங்கிய கரட்டும், மூடையில் வரும் குளிகைத் தீனும் அதன் பாத்திரத்தை நிரப்பின. இவை வயிற்றை விரைவில் நிரப்புவன. பல்லுக்கு வேலை கொடாதன. கரட் முயலின் இயற்கையுணவு என்ற எண்ணம் சித்திரப்படங்களினாற் பரவியது; இனிப்பு மிகுந்த அக்கிழங்கு சிறிதளவே கொடுக்கத்தக்கது. நார் குறைந்த தீனைத் தின்னும் முயலுக்கு முதலில் அரைபற்கள் தேயாது நீளும்; அவை நீள நீளத் தாடை முழுவதும் மூட இயலாது; அதனால் முன்பற்கள் ஒன்றையொன்று தொடும் இடம் பிசகி, தேய்வு நின்றுபோகும். இளங்குட்டியாயிருக்கும்போதே இப்பிசகு தோன்றுமாயின், அது பெரும்பாலும் பிறவிக்குற்றம். முகம் குறுகிய குள்ளச்சாதி முயல்களில் இது மிகுதி. கூட்டின் கம்பியைக் கடித்து இழுத்தும், மேலிருந்து விழுந்தும் பல்லுடைந்த முயலுக்கும் இந்நிலை வரக்கூடும்.

இதன் குறிகளைச் சொல்லவேண்டும். முயல் தீனண்டை ஓடிவரும், இலையை வாயிலெடுக்கும், மெல்லாமற் கீழே விடும். கடியதை விலக்கி மெதுவானதையே நாடும். மோவாய் வீணீரால் நனைந்து மயிர் உதிரும். கண்ணில் நீர் வடியும். உடம்பை நாவால் நக்கித் துப்புரவாக்குவது குறையும். புழுக்கை சிறுத்து அருகும். மேலுதட்டை மெல்ல விலக்கிப் பார்த்தாற் கீழ்ப்பல் வெளியே தந்தம்போல் நீண்டிருக்கும். மேற்பல் உள்ளே சுருண்டு அண்ணத்தைக் குத்தவும் கூடும். முயல் ஒருநாள் முழுவதும் தின்னாதிருந்தாற் குடலின் ஓட்டமே நின்று உயிருக்கு ஆபத்தாகும். ஆதலால் "நாளைக்குப் பார்ப்போம்" என்று தள்ளிவைக்கத்தக்க நோயன்று இது.

இந்நிலையிற் கம்பி வெட்டும் குறட்டையோ நகவெட்டியையோ எடுத்துப் பல்லின் நுனியை நறுக்கிவிடுவதே சிகிச்சை என்று பலர் கருதுகின்றனர். மேல்நாடுகளிலும் முயல் வளர்ப்போர் நெடுங்காலம் அவ்வாறே செய்தனர். ஆனால் அந்த அழுத்தத்திற் பல் நெடுகப் பிளந்து, வெடிப்பு ஈற்றுக்குள் இறங்கி, வேர் அழன்று, தாடைக்குள்ளே சீழ் கட்டுமென்பது பின்னர் தெளிவாயிற்று. முயலின் சீழ் கட்டியாக இறுகுவது. கீறிவிட்டால் மனிதரின் சீழைப்போல் வடிந்துபோவதில்லை. எனவே இக்காலத்து மிருகவைத்தியர், விரைந்து சுழலும் சிறு சாணையால் பல்லை அதிர்வின்றி அராவி, உளிமுனைபோன்ற அதன் இயற்கைச் சாய்வை மீட்டுக் கொடுக்கின்றனர். அராவிய பல் மீண்டும் வளருமாதலால், நான்கு முதல் ஆறு வாரங்களுக்கு ஒருமுறை அதைத் திரும்பச் செய்தல் வேண்டும். தீராத நிலையில் ஆறு முன்பற்களையும் மயக்கங்கொடுத்துப் பிடுங்கிவிடுவதும் உண்டு. அதன்பின் உதட்டாலும் நாவாலும் இலையைப் பற்றி அரைபல்லால் மென்று முயல் சுகமாக வாழும், இலையைச் சிறிதாக நறுக்கிக் கொடுப்பின். பிறவிக்குற்றம் உள்ள முயலை இனப்பெருக்கத்துக்கு விடலாகாது என்பதும் கட்டாய விதி.

இவ்வளவு சிகிச்சைகளும் நோய் வந்தபின் செய்வன. நிதானத்தை அறிந்து நோயை வராமற் தடுப்பதே நம் வைத்திய மரபு போற்றிய முறை; அம்முறைக்கு வேண்டிய பொருள் நம் மண்ணிலேயே உண்டு. அறுகும் தோட்டப் புல்லும் முதன்மையான தீனாக, முள்முருக்கு, அகத்தி முதலியவற்றின் இலை அதனோடு சேர்வதாக, குளிகைத் தீன் ஒரு கைப்பிடிக்கு மேற்படாததாக இருத்தல் நன்று. வேலிகளிற் பிற்காலத்திற் புகுந்த சீமைக்கிளுவையை மாத்திரம் முயலுக்கு விலக்கவேண்டும். அம்மரத்தின் பிறப்பிடமான மத்திய அமெரிக்காவில் அதன் பட்டையையும் விதையையும் எலிக்கு நஞ்சாக வைத்தனர்.

வளவு முழுவதையும் மதிலாற் சூழ்ந்துவிட்ட வீட்டார்க்கும் செய்யத்தக்கது ஒன்றுண்டு. மதிலின் உட்புறத்தில், கோடிப்பக்கமாக, பத்துக் கதியால்களை மாரி தொடங்குமுன் ஊன்றிவிடுங்கள். அடுத்த ஆண்டில் அவை குழை தரும். மாட்டின் பல்லைப் பார்த்து வாங்கிய பாட்டனின் வழக்கத்தை முயலிடத்தும் கொண்டு, வாரத்துக்கு ஒருமுறை அதன் உதட்டை விலக்கிப் பாருங்கள். பல் கோணக் கண்டால் குறட்டைத் தேடாது மிருகவைத்தியரைத் தேடுங்கள். பிள்ளையின் கையிற் கரட்டைக் கொடுப்பதற்குப் பதிலாக ஒரு முருக்கங்கொப்பைக் கொடுத்துக் கூட்டண்டை அனுப்புங்கள். முயலின் பல்லுக்கு நம் முன்னோர் செய்த பரிபாலனம் அதுவே. அதனினும் மலிவானதும் சிறந்ததுமான வேறொன்று இன்றுவரை தோன்றவில்லை.